மட்டையில் எழும் மனைகள்

வட்டுக்கோட்டைக்குப் புகையிரதம் வந்ததில்லை. 1902 ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே யாழ்ப்பாணக் குடாநாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1905 இல் அது தெற்கே நீண்டு கொழும்பு செல்லும் பாதையோடு இணைந்தது. தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம், கோண்டாவில், கொக்குவில் முதலிய ஊர்கள் நிலையங்களைப் பெற்றன. மேற்கே ஒதுங்கிக் கிடந்த எங்கள் ஊரவர் மாட்டுவண்டி கட்டியும், பிற்காலத்தில் பஸ் ஏறியும், யாழ்ப்பாண நிலையத்துக்குச் சென்றே கோச்சியைக் கண்டனர்.

ஆயினும், எங்கள் வீட்டு விறாந்தையில் உள்ள நீண்ட மேசையொன்றின்மேல் இப்பொழுது வட்டுக்கோட்டைக்கும் புகையிரதம் வருகின்றது. ஒரு விரல் அகலத்துக்குச் சற்றுக் கூடிய தண்டவாளத்தில் அது ஓடுகின்றது. இருமருங்கிலும் வீடுகள், ஒரு பழைய தேவாலயம், பனந்தோப்பு, கிடுகுவேலி ஆகியன நிற்கின்றன. தேவாலயமும் வீடுகளும் மட்டையால் ஆனவை. அவற்றுள் ஒரு வீட்டுக்கு முகப்பு மட்டுமே உண்டு, பின்புறம் இல்லை. அஃது ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்கின்றேன். உள்ள கட்டடங்களை அளந்து, மட்டையில் வெட்டி, மாதிரிப் புகையிரதப் பாதையின் அருகே நிறுத்தும் கலையைப்பற்றியே இன்று நேயர்களோடு பேச எண்ணுகின்றேன்.

இது சிறுபிள்ளை விளையாட்டு அன்றோ என்று சிலர் நினைக்கலாம். விளையாட்டுத்தான். ஆனால் சப்பறம் கட்டுவோரும் பட்டம் கட்டுவோரும் நிறைந்த நம் நாட்டில், மூங்கிலையும் தாளையும் பசையையும் கொண்டு எவ்வளவு பெரிய காரியம் செய்யலாம் என்பதை எவர்க்கும் விளக்க வேண்டியதில்லை. கோயில் வீதியிலே வானளாவ எழும் சப்பறத்தைக் கட்டுபவனுக்கும், மேசைமேல் உள்ளங்கை அளவு வீடு கட்டுபவனுக்கும் வேண்டிய அறிவு ஒன்றே. எப்பகுதி எதைத் தாங்குகின்றது, எம்மடிப்பு எங்கே விழவேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்கும் அறிவு அது.

மேனாடுகளிலே வெட்டி ஒட்டும் மாதிரிகள் அச்சுத் தொழிலோடு கூடவே வளர்ந்தன. பிரான்சில் எப்பினால் நகரத்து அச்சகங்களும், ஜேர்மனியில் எஸ்லிங்கன் நகரத்து ஷ்றைபர் பதிப்பகமும், கோட்டைகளையும் மாளிகைகளையும் தாளில் அச்சிட்டு விற்றன. இங்கிலாந்தில் 1940 ஆம் ஆண்டு ஜெப்றி ஹெய்வே என்பவர் ‘மைக்றோமொடல்ஸ்’ என்னும் பெயரில், தபாலட்டை அளவான தாள்களில் அச்சிட்ட மிகச் சிறிய மாதிரிகளை வெளியிடத் தொடங்கினார். அது போர்க்காலம். மரமும் உலோகமும் கிடைப்பது அரிதாயிருந்தது; கத்தரிக்கோலும் பசையும் எந்த வீட்டிலும் இருந்தன. போலந்து நாட்டில் 1957 முதல் ‘மாவி மொடெலாஷ்’ என்ற சஞ்சிகை மட்டை மாதிரிகளையே தன் பொருளாகக் கொண்டு வெளிவந்தது. பின்னர், மாதிரிப் புகையிரதம் ஓட்டுவோர்க்கென்றே இங்கிலாந்தில் ‘சுப்பர்குவிக்’, ‘மெற்கால்ஃப்’ முதலிய நிறுவனங்கள் மட்டைப் பொதிகளைச் செய்து விற்றன. நிலையக் கட்டடம், சமிக்ஞை அறை, தேநீர்க்கடை, தொழிலாளர் வீட்டு வரிசை என்று பலவகையான பொதிகள் அவற்றில் உண்டு. அவற்றுட் சில, குறித்த ஒரு பாதையில் உண்மையில் நிற்கும் கட்டடங்களைப் பார்த்துச் செய்யப்பட்டவை.

உள்ள கட்டடத்தைப் பார்த்துச் செய்வதற்கும் கற்பனைக் கட்டடம் செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதனை முற்றாக உணர்ந்த ஒருவரைப்பற்றி இங்கே சொல்லுதல் தகும். 1925 இல் றோய் இங்கிலண்ட் என்ற இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தார். புகையிரதம் பார்க்கும் ஆசையால் வந்தவர் அவர். ஒக்ஸ்போட் நகரத்துக்கு அப்பால் உள்ள ‘வெள்ளைக் குதிரைப் பள்ளத்தாக்கு’ என்னும் நாட்டுப்புறத்தைக் கண்டார். புல் வேய்ந்த பழைய குடிசைகள் ஒவ்வொன்றாக இடிக்கப்படுவதையும் உருமாற்றப்படுவதையும் அங்கே கண்டார். தடுக்கும் வலிமை அவரிடம் இல்லை. அளக்கும் பொறுமை இருந்தது. வீடு வீடாகச் சென்று அளந்தார், படம் எடுத்தார், செங்கல்லின் நிறத்தையும் தோட்டத்துப் பூஞ்செடியையும் குறித்துக்கொண்டார். பின்பு 76 இல் ஒரு பங்கு அளவில் மட்டையால் அவற்றைக் கட்டி, நீர்வண்ணம் தீட்டினார். 1954 இல் லோங் விற்றனம் என்ற ஊரில் அவர் தொடங்கிய பெண்டன் நூதனசாலையிலே, 1930 களின் அந்நாட்டுப்புறம் மேசைமேல் அப்படியே நிற்கின்றது. அதிலுள்ள வீடுகள் சில உண்மையில் இன்று இல்லை. மட்டையில் மட்டும் உள்ளன.

இக்கலையின் பயன் யாதெனின், இதுவே. கட்டடம் கல்லால் நிலைப்பது சில காலம். அளவால் நிலைப்பது அதனினும் நெடுங்காலம்.

இனி, செய்முறைக்கு வருவோம். முதற்கண் தீர்மானிக்க வேண்டியது அளவுத்திட்டம். உலகெங்கும் மிகுதியாக விற்கப்படும் மாதிரித் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர் அகலமானது. ஓர் அடிக்கு 3.5 மில்லிமீற்றர் என்ற அளவில் நோக்கினால், அது மேனாட்டு இருப்புப்பாதையின் 4 அடி 8½ அங்குல அகலத்துக்குப் பொருந்தும். இங்கிலாந்தவர் அதே தண்டவாளத்தை வைத்துக்கொண்டு கட்டடத்தையும் வண்டியையும் அடிக்கு 4 மில்லிமீற்றராகச் செய்கின்றனர். அதனால் அவர்களுடைய பாதை சற்று ஒடுங்கித் தோன்றும்.

நமது நாட்டின் நிலை வேறு. இலங்கையின் அகலப்பாதை, இந்தியாவின் அகலப்பாதையைப் போலவே, 5 அடி 6 அங்குலம். அதாவது ஐந்தரை அடி. 16.5 ஐ ஐந்தரையால் வகுத்துப் பாருங்கள். மீதியின்றி 3 வரும். ஆகவே அடிக்கு 3 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், கடையில் வாங்கும் அதே தண்டவாளம் நம் பாதைக்கு இம்மியும் பிசகாமல் பொருந்திவிடும். ஆங்கிலேயர் தம் பாதைக்குச் செய்யமுடியாத காரியம் நமக்கு எண்கணிதத்தின் தயவால் இலகுவாகக் கைகூடுகின்றது. இவ்வளவில் மாதிரி உண்மைப் பொருளின் 101.6 இல் ஒரு பங்கு. ஏறக்குறைய நூறில் ஒன்று. இங்கிலாந்தில் 1957 இல் ‘ட்றை-ஆங்’ நிறுவனம் இதே 3 மில்லிமீற்றர் அளவில் வண்டிகளை வெளியிட்டதுண்டு. ஆனால் அவை 12 மில்லிமீற்றர்ப் பாதையில் ஓடியவை.

நாற்பது அடி முகப்புள்ள வீடு 120 மில்லிமீற்றர் ஆகும். ஆறடி மனிதன் 18 மில்லிமீற்றர். அறுபது அடிப் பனை 180 மில்லிமீற்றர். வீட்டின் சுவர் 33 மில்லிமீற்றர் உயரந்தான் இருக்கும். பனையோ அதனைப்போல் ஐந்து மடங்கிலும் மேல். மாதிரி செய்வோரிற் பெரும்பாலோர் மரத்தைக் குறுக்கிவிடுகின்றனர். பனையைக் குறுக்கினால் யாழ்ப்பாணம் யாழ்ப்பாணமாகத் தோன்றாது.

அடுத்தது அளத்தல். ஒரு நாடா, ஒரு கொப்பி, ஒரு பென்சில் ஆகிய மூன்றும் போதும். முதலில் கட்டடத்தைச் சுற்றி நடந்து, நான்கு பக்கங்களையும் கையால் வரைந்துகொள்ள வேண்டும். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கதவும் யன்னலும் வரிசை மாறாமல் இருந்தாற் போதும். பின்பு ஒரு மூலையிலிருந்து நாடாவை நீட்டி, யன்னலின் தொடக்கம், முடிவு, கதவின் தொடக்கம், முடிவு என்று தொடர்ச்சியாகக் குறிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து கூட்டினால் சிறு பிழைகள் சேர்ந்து பெரும்பிழையாகும்.

ஏணி எட்டாத உயரத்துக்கு வெயில் உதவும். மூன்றடிக் கோலொன்றை நிலத்தில் நேராக நாட்டுங்கள். அதன் நிழல் இரண்டடி இருக்கும் வேளையில் பனையின் நிழல் நாற்பது அடி இருந்தால், பனை அறுபது அடி. உலோகத் தகரக் கூரையாயின், அதன் நெளிவுகளை எண்ணினாலே அகலம் தெரியும். வழக்கமான தகரத்தில் ஒரு நெளிவு மூன்று அங்குலம். ஓட்டுக்கூரையாயின் ஓட்டு வரிசைகளை எண்ணலாம். மங்களூரிலே 1865 இல் பாசல் மிசனரிமார் தொடங்கிய தொழிற்சாலையும், அதனைப் பின்பற்றி எழுந்த பிற தொழிற்சாலைகளும் ஒரே அச்சில் ஓடுகளைச் செய்ததால், ஓர் ஓட்டை அளந்தால் கூரை முழுவதையும் அளந்ததாகும். கட்டிடத்தை நேர் எதிரே நின்று படம் பிடிக்கும்போது, அடியடியாகக் கறுப்பும் வெள்ளையும் தீட்டிய ஒரு கோலைச் சுவரோடு சாத்திவைத்துப் பிடித்தல் நன்று. நாடா தவறவிட்டதை அக்கோல் பிற்காலத்தில் சொல்லும்.

எங்கள் ஊரிலே அளப்பதற்குத் தகுந்த கட்டடங்களுக்குக் குறைவில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தேவாலயம் ஒன்று இங்கே உண்டு. பிலிப்பஸ் பல்தேயஸ் என்ற ஒல்லாந்தப் போதகர் 1672 இல் வெளியிட்ட நூலிலே யாழ்ப்பாணத்துத் தேவாலயங்கள் பலவற்றின் சித்திரங்கள் உள்ளன. வட்டுக்கோட்டையும் அவற்றுள் ஒன்று. 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார் இங்கே கூரையிழந்து நின்ற தேவாலயத்தைத் திருத்திப் பயன்படுத்தினர். 1823 இல் டானியேல் பூர் என்பவரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கியது. கணிதமும் வானசாத்திரமும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உயர்நிலையிற் கற்பிக்கப்பட்ட அந்நிலையம் 1855 இல் மூடப்பட, 1872 இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. தேவாலயம் 1947 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குப் பேராலயமாயிற்று. பழைய சித்திரம் நமக்குத் தோற்றத்தைத் தருகின்றது, அளவைத் தருவதில்லை. சுவர் எத்தனை அடி தடிப்பு, யன்னல் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அறிய, நாடாவோடு போய் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாடாவோடு போய் நிற்க இயலாத கட்டடத்துக்கு என்ன செய்வது? இங்கேதான் முகப்பு மட்டுமுள்ள வீட்டின் கதை வருகின்றது. அது நான் பிறந்த வீடு. நாற்சார் வீடு, நடுவே முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், தெற்கே அடுப்படி. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கூரை இருக்கவில்லை. இரண்டு மாரிமழை சுவர்களைக் கரைத்தது. வேப்பமரத்தாலான தலைவாசற் கதவும் நிலையும் மட்டும் எஞ்சின. அவற்றைக் கழற்றி, புதிதாகக் கட்டிய சிறிய வீட்டின் பின்னே சார்த்தி வைத்தோம். வீட்டின் படம் என்று எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. உறவினர் ஒருவரின் கலியாணத்தன்று, முற்றத்தில் நின்று முகப்புக்கு நேரெதிராக எடுத்த படம்.

அந்தப் படத்திலே கதவுநிலையின் உயரம் 25 மில்லிமீற்றர். வீட்டின் பின்னே சார்த்தியிருக்கும் உண்மை நிலையை அளந்தேன். 6 அடி 3 அங்குலம், அதாவது 75 அங்குலம். எனவே படத்தில் ஒரு மில்லிமீற்றர் என்பது உண்மையில் மூன்று அங்குலம். படத்தில் சுவரின் உயரம் 44 மில்லிமீற்றர். ஆகவே உண்மையில் 132 அங்குலம், 11 அடி. முகப்பின் நீளம் 160 மில்லிமீற்றர். ஆகவே 40 அடி. ஒரு கதவு தன் வீட்டை முழுதும் அளந்து தந்துவிட்டது.

இவ்வாறு கணக்கிடுவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கதவு இருக்கும் அதே தளத்தில் உள்ளவற்றுக்கே இக்கணக்குச் செல்லும். திண்ணையின் தூண்கள் படக்கருவிக்குக் கிட்ட நிற்பதால் பெரிதாகத் தோன்றும்; கூரையின் முகடு தூரத்தில் இருப்பதால் சிறுக்கும். சாய்ந்து நின்று எடுத்த படமாயின் கணக்கே பிழைக்கும்.

இனி வெட்டுதல். தாளுக்கும் மரத்தைப் போல நார்ப்போக்கு உண்டு. மட்டைத் துண்டொன்றை இருபுறமும் மெல்ல வளைத்துப் பாருங்கள். இலகுவாக வளையும் பக்கம் தெரியும். மடிப்புக்கள் நார்ப்போக்கின் வழியே அமைந்தால் நேராக விழும். குறுக்கே அமைந்தால் வெடிக்கும். மடிக்கும் முன்பு, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் அடிமட்டத்தின் வழியே அழுத்திக் கோடு இழுக்க வேண்டும். வெட்டுவதற்குச் சவர அலகும் உருக்கு அடிமட்டமும் உகந்தவை. ஒரே இழுப்பில் வெட்டிவிட எண்ணாது, மெல்லிய நாலைந்து இழுப்புக்களில் வெட்டுக. யன்னல்களை முதலிலும் வெளிக்கோட்டைக் கடைசியிலும் வெட்டினால், மட்டை கையில் நெளியாது. சிறுவர் இதனைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும்.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, மட்டையின் தடிப்பை மறத்தல். இருபது அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உள்ள கொட்டிலைக் கொள்வோம். மாதிரியில் அது 60 மில்லிமீற்றருக்கு 36. முன்சுவரையும் பின்சுவரையும் 60 ஆக வெட்டி, பக்கச் சுவர்களை அவற்றின் இடையே நிறுத்தும்போது, மட்டை ஒரு மில்லிமீற்றர் தடிப்பாயின், பக்கச் சுவர் 34 ஆக இருக்க வேண்டும், 36 அன்று. இந்த இரண்டு மில்லிமீற்றரை மறந்தவன் கட்டும் கூரை ஒருநாளும் பொருந்தாது.

மற்றையது, கூரையின் சரிவை மறத்தல். எதிரே நின்று பார்க்கும்போது தெரிவது கூரையின் உயரமே ஒழிய அதன் நீளம் அன்று. பன்னிரண்டு அடி அகலத்தில் பாதி ஆறு அடி. முகடு சுவருக்கு மேல் நாலரை அடி எழுமாயின், சரிவின் நீளம் ஏழரை அடி. செங்கோண முக்கோணக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தவர்களுக்கு அதன் பயன் இங்கே விளங்கும். ஏழரை அடியோடு இறப்புக்கு ஒன்றரை அடி கூட்டினால் ஒன்பது அடி; மட்டையில் 27 மில்லிமீற்றர்.

நமது பழைய வீடுகளுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. சுண்ணாம்புக்கல்லால் எழுந்த சுவர்கள் தடித்தவை. ஒன்றரை அடிச் சுவர் மாதிரியில் நாலரை மில்லிமீற்றர். ஒரே மட்டையில் யன்னலை வெட்டிவிட்டால் அது பெட்டிக்கடைப் பலகைபோலத் தோன்றும். ஆகவே யன்னலின் ஓரங்களில் மட்டைத் துண்டுகளை நாலைந்து அடுக்காக ஒட்டி, ஆழம் காட்ட வேண்டும். அந்த ஆழத்திலே விழும் நிழல்தான் பார்ப்போர் கண்ணுக்கு இது கல்வீடு என்று சொல்வது. வெட்டிய ஓரத்தின் வெள்ளையை வண்ணப் பென்சிலால் மறைத்துவிட வேண்டும். ஓட்டுக்கூரைக்கு, ஓட்டின் விளிம்புபோல் வெட்டிய தாள்நாடாக்களைக் கீழிருந்து மேலாக ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்டுக. நாள்காட்டி மட்டையும் கலியாண அழைப்பிதழ் மட்டையும் இவ்வேலைக்கு மிகவும் ஏற்றவை, விலையில்லாமலும் கிடைப்பவை.

இக்காலத்தில் கணினியிலே சுவரை வரைந்து, உண்மைச் சுவரின் படத்தையே அதன்மேல் பதித்து அச்சிட்டுக்கொள்வோரும் உளர். மேனாட்டுப் பொதியொன்றை நம் அளவுக்குக் கொண்டுவர விரும்புவோர், அடிக்கு 4 மில்லிமீற்றரில் உள்ளதை நூற்றுக்கு 75 ஆகக் குறைத்துப் படியெடுத்தாற் போதும். ஆனால் அச்சுப்பொறி நீளத்தையும் அகலத்தையும் குறைக்குமேயன்றி மட்டையின் தடிப்பைக் குறைக்காது. மூலையில் பொருந்தும் இடங்களை மீண்டும் கணக்கிட வேண்டும்.

நமது காலநிலையைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் மட்டை நீரை உறிஞ்சி நெளியும். ஒரு பக்கம் மட்டும் வண்ணம் தீட்டிய சுவர் வில்லாக வளையும். ஆகவே உட்புறத்துக்கும் வண்ணமோ வார்னிசோ பூசுதல் வேண்டும். இரு மட்டைகளை ஒட்டும்போது ஒன்றின் நார்ப்போக்கு மற்றதற்குக் குறுக்காக இருப்பின், ஒன்று வளைய முயல மற்றது தடுக்கும். பசையை மெல்லியதாகப் பூசி, பாரமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வைத்தெடுக்க வேண்டும். கோதுமைமாப் பசை பூச்சியை அழைக்கும். புத்தகம் கட்டுவோர் அதில் சிறிது துரிசு கலப்பதுண்டு. அது நஞ்சாதலின், வீட்டில் செய்வோர் கடையில் விற்கும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்துவதே நன்று. மேசையின் கால்களைக் கறையானுக்கு எட்டாமல் வைப்பதையும் மறக்கலாகாது.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். நம் இருப்புப்பாதையின் வரலாறே அதற்கு விடை சொல்லும். 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது, இந்நிலையங்கள் ஒரு நாள் இல்லாமற் போகும் என்று யார் எண்ணியிருப்பர்? 1990 ஜூன் மாதத்தோடு யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் வருவது நின்றது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, சிலிப்பர்க் கட்டைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின, நிலையங்கள் கூரையற்ற சுவர்களாய் நின்றன. 2014 ஒக்டோபர் 13 ஆம் நாள் யாழ்ப்பாண நிலையமும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையுள்ள பாதையும் மீண்டும் திறக்கப்பட்டன. 1959 இல் திறக்கப்பட்டு 1981 இல் எரியுண்ட யாழ்ப்பாணப் பொதுநூலகமும் பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுந்தது. பெரிய கட்டடங்களை எண்ணிப் பார்ப்போர் பலர், படமெடுத்தோரும் பலர். ஆனால் ஒழுங்கை முனையில் நின்ற தேநீர்க்கடையை யார் அளந்தார்? கிணற்றடித் துலாவையும், வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கிய சங்கடப் படலையையும் யார் அளந்தார்? போர் தொடாது விட்டவற்றையும் இப்பொழுது புதிய மாடிவீடுகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதனை யாரும் குறை சொல்வதற்கில்லை. மக்கள் வசதியாக வாழத்தான் வேண்டும். இடிக்குமுன் ஒருமுறை அளந்துவிட்டு இடித்தால் என்ன என்பதே என் வேண்டுகோள்.

பிறந்த வீட்டின் மாதிரிக்கு மீள்வோம். மாதிரிப் பாதை அமைப்போர் மேசையின் பின்விளிம்பிலே, வானம் தீட்டிய பலகையோடு ஒட்டினாற்போல, முகப்பு மட்டுமுள்ள கட்டடங்களை வைப்பது வழக்கம். இடம் மிச்சப்படுத்தவே அவர்கள் அப்படிச் செய்கின்றனர். எனக்கோ வேறு வழியில்லை. முகப்பைக் கதவு அளந்து தந்தது. உள்ளே இருந்த முற்றத்தையும் தாழ்வாரத்தையும் அளந்து சொல்ல எதுவும் எஞ்சவில்லை.

சென்ற தைப்பொங்கலுக்கு என் தங்கை கொழும்பிலிருந்து வந்திருந்தாள். மாதிரியை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அண்ணா, அடுப்படியை ஏன் கட்டவில்லை?” என்று கேட்டாள். அளவு தெரியவில்லை என்றேன். அவள் சிறிது யோசித்தாள். “அம்மா அம்மியடியில் இருந்து அரைக்கும்போது, நான் கதவடியில் கால் நீட்டி இருப்பேன், என் கால் அம்மியில் முட்டும். அப்போது எனக்கு எட்டு வயது” என்றாள். எட்டு வயதுப் பிள்ளை கால் நீட்டியிருந்தால் எத்தனை அடி வரும்? அயல்வீட்டுச் சிறுமி ஒருத்தியைக் கூப்பிட்டு, நிலத்தில் இருத்தி, நாடா பிடித்தோம். சுவரிலே சாய்ந்த முதுகிலிருந்து குதிக்கால் வரை இரண்டரை அடி. அம்மிக்கு ஒன்றரை அடி. அதற்கப்பால் அம்மா இருப்பதற்கு இரண்டடி. ஆறு அடி என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன். மட்டையில் அது 18 மில்லிமீற்றர்.

அடுப்படியின் ஒரு பக்கம் இவ்வாறு கிடைத்துவிட்டது. மறுபக்கத்தை அறிந்தவர் எங்கள் பெரியம்மா ஒருவரே. அவருக்கு இப்பொழுது எண்பத்தொன்பது வயது. வருகின்ற ஞாயிற்றுக்கிழமை நாடாவும் கொப்பியுமாக அவரிடம் போகவிருக்கின்றேன். நேயர்களுக்கும் அத்தகைய பெரியம்மா ஒருவர் இருப்பாராயின், அவரை ஞாயிற்றுக்கிழமை வரை காக்க வையாது, நாளைக்கே போய்க் கேளுங்கள்.